கடைசியில ‘டு’, ‘இன்’, ‘ஃபோர்’ வந்தா பிழையா? எந்த வாக்கியத்த எடுக்கிறதுன்னு சொல்லுங்க

மஸ்கெலியா மழை:
எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியாவுல ஒரு ஹோட்டல்ல ரிசப்ஷன்ல வேலை செய்றேன். சுப்பர்வைசர் இடத்துக்கு உள்ளுக்குள்ளயே ஆள் எடுக்கப் போறாங்க, எழுத்துப் பரீட்சையும் இருக்காம். அதுக்காக ஞாயித்துக்கிழமைல ஒரு இங்கிலீஷ் வகுப்புக்குப் போறேன்.

போன வாரம் சார் ஒரு தாள் குடுத்தாரு. எல்லாம் ஒரே மாதிரி வாக்கியங்க, எது சரின்னு கோடு போடணும். மூணு இடத்துல தலை சுத்துது.

முதலாவது: ‘டு ஹூம் டிட் யூ ஸ்பீக்?’, ‘ஹூம் டிட் யூ ஸ்பீக் டு?’, ‘ஹூ டிட் யூ ஸ்பீக் டு?’

ரெண்டாவது (‘நீங்க தங்கின ரூம்’னு சொல்ல): ‘த ரூம் யூ ஸ்டேட்’, ‘த ரூம் யூ ஸ்டேட் இன்’, ‘த ரூம் இன் விச் யூ ஸ்டேட்’, ‘த ரூம் இன் விச் யூ ஸ்டேட் இன்’.

மூணாவது: ‘வாட் ஆர் யூ லுக்கிங் ஃபோர்?’, ‘ஃபோர் வாட் ஆர் யூ லுக்கிங்?’

‘டு, இன், ஃபோர், வித்’ இதுகள்ல வாக்கியம் முடியவே கூடாது, முடிஞ்சா முழு மார்க்ஸும் போச்சுன்னு சார் சொல்றாரு. ஆனா ஹோட்டலுக்கு வர்ற வெள்ளைக்காரங்க வாயத் தொறந்தா அப்பிடித்தான் முடிக்கிறாங்க. ‘வேர் ஆர் யூ ஃப்ரம்’னு கேப்பாங்களே தவிர ‘ஃப்ரம் வேர் ஆர் யூ’ன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அப்ப யாரு சொல்றது சரி?

(கீபோர்ட் மாத்த சோம்பல். இங்கிலீஷையும் தமிழ்லயே அடிச்சிருக்கேன், பொறுத்துக்குங்க.)

பண்டாரவளை பஸ்:
எங்க மாமா ஒரு ஜெர்மன்காரர்கிட்ட ‘ஃப்ரம் வேர் ஆர் யூ’ன்னுதான் கேட்டாரு. அவரும் பதில் சொல்லிட்டுப் போயிட்டாரு. இதுக்குப் போய் மண்டையப் போட்டு உடைக்கிறீங்களே.

பத்தனை டீச்சர்:
தங்கச்சியா தம்பியா தெரியல்ல, கேள்வி நல்ல கேள்வி. நான் தோட்டப் பாடசாலையில இங்கிலீஷ் படிப்பிக்கிறேன்.

உங்க சார் சொன்னது இங்கிலீஷ் இலக்கணத்துல உள்ள விதி இல்ல. அது ஒரு மனுசனோட குறையில இருந்து கிளம்பின கதை. 1672ல ஜோன் டிரைடன்ங்கிற கவிஞர், பென் ஜோன்சன் 1611ல போட்ட நாடகத்துல ஒரு வரி ‘ஃப்ரம்’ல முடியுதுன்னு பிழை பிடிச்சாரு. தன்னோட எழுத்துலயும் அதே பழக்கம் இருக்குன்னு அதே இடத்துல எழுதினாரு. அதோட விடல்ல. 1684ல தன்னோட பழைய கட்டுரை ஒண்ணை மறுபடி அச்சுப் போட்டப்ப, கடைசியில நின்ன சொல்லையெல்லாம் தேடிப் பிடிச்சு முன்னால நகர்த்தினாரு. ஏன் பிழைன்னு காரணம் சொல்லல்ல. லத்தீன் படிச்சவங்க லத்தீன் மாதிரியே இங்கிலீஷும் இருக்கணும்னு ஆசைப்பட்ட காலம் அது, அதனால வந்த எண்ணமாத்தான் இருக்கணும்னு பலர் சொல்றாங்க. (அந்த லத்தீன்லயே ‘என்னோடு’ன்னு சொல்ல ‘மேக்கும்’னு ஒரு சொல் இருக்கு. அதுல ‘என்’ முன்னால, ‘ஓடு’ பின்னால. நம்ம தமிழ் போலத்தான்!)

பிறகு 1762ல ராபர்ட் லௌத் ஒரு இலக்கணப் புத்தகம் எழுதினாரு. பின்னாடி லண்டன் ஆயரா இருந்தவரு. அவர்தான் தடை போட்டாருன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. அவர் தடை போடல்ல. பேச்சுக்கும் சாதாரண எழுத்துக்கும் கடைசியில வைக்கிறது பொருந்தும், கம்பீரமான நடைக்கு முன்னால வைக்கிறது அழகுன்னுதான் சொன்னாரு. அதைச் சொல்லும்போது அவரோட வாக்கியமே ‘டு’ல முடிஞ்சிருக்கு! வேணும்னுதான் அப்பிடி முடிச்சாருன்னு நான் நம்புறேன். அவருக்குப் பின்னால வந்த வாத்திமாருங்க ‘அழகு’ங்கிறதைத் தூக்கிப்போட்டுட்டு ‘கட்டாயம்’னு ஆக்கிட்டாங்க. 1926ல இங்கிலீஷ் வழக்குக்குன்னே ஒரு அகராதி போட்ட ஃபௌலர் இதை மூடநம்பிக்கைன்னே எழுதிட்டாரு, அப்பிடியும் அது சாகல்ல. 2024ல மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரங்க ‘கடைசியில வரலாம்’னு இன்ஸ்டகிராம்ல ஒரு வரி போட்டதுக்கே பெரிய சண்டை நடந்துச்சி.

இப்ப உங்க தாள். முதலாவதுல மூணுமே சரி. பேச்சுக்கு ‘ஹூ டிட் யூ ஸ்பீக் டு’. பாரமான கடிதத்துக்கு ‘டு ஹூம்’. நடுவுல உள்ள ‘ஹூம் … டு’ பிழை இல்ல, ஆனா பேச்சுல சொன்னா விறைப்பா இருக்கும், கடிதத்துல எழுதினா அரைகுறையா இருக்கும். தவிர்க்க வேண்டியது தாள்லயே இல்லாத நாலாவது ஒண்ணு: ‘டு ஹூ டிட் யூ ஸ்பீக்’. ‘டு’வை முன்னால கொண்டு போனா ‘ஹூம்’தான் வரணும்.

மூணாவதுல ‘வாட் ஆர் யூ லுக்கிங் ஃபோர்’. மற்றதை மனுசர் பேசுறதில்ல.

ரெண்டாவதுதான் விசயம் உள்ள இடம். இரவைக்கு வந்து எழுதுறேன், இப்ப பிள்ளைகளோட கொப்பி திருத்தணும்.

பண்டாரவளை பஸ்:
டீச்சர் கொப்பி திருத்தப் போன நேரம் நான் ஒரு கதை போடுறேன். சர்ச்சிலோட வாக்கியத்துல கடைசியில நின்ன சொல்லை யாரோ ஒரு அதிகாரி திருத்தினாராம். சர்ச்சில் ஓரத்துல எழுதினாராம்: ‘திஸ் இஸ் த சோர்ட் ஆஃப் இங்கிலீஷ் அப் வித் விச் ஐ வில் நொட் புட்.’ 😂 வாட்ஸ்அப்ல வந்திச்சி.

எல்ல ஹோம்ஸ்டே:
வாட்ஸ்அப்ல வந்தா சர்ச்சில், இல்லாட்டி அப்துல் கலாம். அவர் சொன்னதுக்கு ஆதாரம் கிடையாது அண்ணே. 1940கள்ல அவர் பேரே இல்லாம இந்தக் கதை அச்சுல வந்திருக்கு, பேரைப் பிறகு ஒட்டிட்டாங்க. பகிடியிலயும் ஒரு தில்லுமுல்லு இருக்கு: ‘புட் அப் வித்’ங்கிறது ஒரு கட்டு. அதுல ‘அப்’ வினையோட ஒட்டினது, அதை யாரும் முன்னால கொண்டு போகச் சொல்லல்ல. ‘டேர்ன் இட் ஒஃப்’, ‘கம் இன்’ இதுகள்ல நிக்கிற ‘ஒஃப்’, ‘இன்’னும் அப்பிடித்தான். பின்னால பெயர்ச்சொல் ஒண்ணும் விட்டுப்போகல்ல, அதனால அது இந்த வழக்குக்குள்ளயே வராது.

பழைய கிளாக்கர்:
பிள்ளைகளே, ஒரு வார்த்தை. நான் தோட்ட ஆபிசில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் துரைமார் பேசுவது ஒரு இங்கிலீஷ், எழுதுவது ஒரு இங்கிலீஷ். எங்கள் துரை பெரட்டுக் களத்தில் (காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற இடம்) நின்று ‘வாட் இஸ் ஆல் திஸ் அபௌட்’ என்று சத்தம் போடுவார். அதே விஷயத்துக்குக் கொழும்பு ஏஜென்சிக்குக் கடிதம் போக வேண்டும் என்றால் நான் பென்சிலில் நகல் எழுதிக் கொண்டு போவேன். ‘த மேட்டர் யூ ரோட் அபௌட்’ என்று இருந்தால் சிவப்பு மையால் ‘அபௌட்’டைச் சுற்றி வட்டம் போட்டு, அதிலிருந்து முன்பக்கத்துக்கு ஒரு அம்பு இழுத்து, நடுவில் ‘விச்’ என்று செருகுவார். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த அம்பைப் பார்த்துப் பார்த்தே நான் கடித நடை படித்தேன்.

ஆகவே அந்த வகுப்பு ஆசிரியர் சொல்வதை முழுதாகத் தள்ளிவிட வேண்டாம். திணைக்களத்துக்கும் தலைமை ஆபிசுக்கும் எழுதும்போது ‘டு விச்’, ‘ஃபோர் விச்’ என்று எழுதுகிற பிள்ளைக்கு ஒரு மரியாதை கிடைக்கும்.

மஸ்கெலியா மழை:
தங்கச்சிதான் டீச்சர். 🙂 கிளாக்கர் ஐயாவுக்கும் நன்றி. அப்ப பேச்சுக்கு ஒண்ணு, எழுத்துக்கு ஒண்ணா? ரெண்டாவது கேள்வியில நான் ‘த ரூம் யூ ஸ்டேட்’டுக்குக் கோடு போட்டிருந்தேன். கடைசியில ஒண்ணும் இல்ல, சார் சொன்ன விதிக்கு அதுதான் பொருந்துது. சாரும் சரி போட்டுட்டாரு.

பத்தனை டீச்சர்:
அந்தச் ‘சரி’யைப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. நாலுல அதுவும் கடைசி ஒண்ணும்தான் பிழை.

பரீட்சை விடைத்தாள்கள்ல நம்ம பிள்ளைகள் கடைசியில ‘இன்’ போட்டு மார்க்ஸ் இழந்ததை நான் கண்டதில்ல. ‘இன்’னை முழுங்கித்தான் இழக்கிறாங்க. ‘த ஹவுஸ் ஐ லிவ்’, ‘த பென் ஐ ரைட்’, ‘த கேர்ள் ஐ கேம்’. கடைசியில வைக்காதேன்னு வாத்தியார் மிரட்டினா பிள்ளை என்னா செய்யும்? முன்னால கொண்டு போகத் தெரியாது, அப்பிடியே கழட்டி வீசிரும். இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை பயத்துல ரெண்டு பக்கமும் வச்சிரும்: ‘த ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்.’ ரெண்டு பிழையையும் பெத்து வளர்த்தது அந்த ஒரே விதிதான்.

பார்க்கிறதுக்கு ஒரு வழி சொல்றேன். துண்டை முழு வாக்கியமாக்குங்க. ‘யூ ஸ்டேட் இன் த ரூம்.’ ‘இன்’ இருக்கா? இருக்கு. அப்ப ‘ரூம்’ முன்னால போனாலும் ‘இன்’ ஒரு தடவை எங்கயாவது இருக்கணும். ரெண்டு தடவை இருக்கக் கூடாது, இல்லாமலும் போகக் கூடாது. முன்னாலயா பின்னாலயாங்கிறது நடை சம்பந்தப்பட்டது. இருக்கா இல்லையாங்கிறதுதான் இலக்கணம்.

லிந்துலை வாத்தியார்:
நான் தமிழ் படிப்பிக்கிறவன், இங்கிலீஷில் தலையிடக் கூடாதுதான். ஆனால் நம் பிள்ளைகள் ஏன் அதை முழுங்குகிறார்கள் என்பதற்கு விடை தமிழ் வகுப்பில் இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெயரெச்சம் ஆறு பெயர் கொண்டு முடியும் என்று நன்னூலை வைத்துப் படிப்பிக்கிறோம் அல்லவா? செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். ‘வெட்டின ஆள்’, ‘வெட்டின கத்தி’, ‘வெட்டின மலை’, ‘வெட்டின நாள்’, ‘வெட்டின செடி’. எல்லாவற்றுக்கும் அதே ‘வெட்டின’தான். அம்மா கத்தியால் கவ்வாத்து வெட்டினார் என்ற வாக்கியத்தில் ‘ஆல்’ உருபு இருக்கிறது. ‘அம்மா கவ்வாத்து வெட்டின கத்தி’ என்று திருப்பினால் ‘ஆல்’ எங்கே போயிற்று? போய்விட்டது. ‘லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்கிறோம்’ என்பதில் ‘இல்’ உண்டு. ‘நாங்கள் இருக்கிற லயம்’ என்பதில் இல்லை. கேட்கிறவர் பொருளைப் பார்த்துத் தாமே விளங்கிக்கொள்வார். தமிழில் அது குறையே இல்லை, உருபை வைக்கத்தான் இடம் கிடையாது.

இங்கிலீஷ் அதை விடுவதில்லை. கத்தி என்றால் ‘வித்’, கூடை என்றால் ‘இன்’, எங்கேயாவது இருந்தே ஆக வேண்டும். ஆளுக்கும் செடிக்கும் வேண்டாம்: ‘த மேன் ஹூ கட்’, ‘த புஷ் ஹி கட்’. அதனால்தான் அந்த இரண்டிலும் பிள்ளைகள் பிழை விடுவதில்லை, கருவியிலும் நிலத்திலும் வந்து விழுகிறார்கள்.

பத்தனை டீச்சர்:
சார், இதை எனக்கு டிரெய்னிங்ல ஒருத்தரும் சொல்லித் தரல்லையே! நாளைக்கே கரும்பலகையில போடப் போறேன். ஆறையும் எழுதி, எதுக்கு இங்கிலீஷ்ல சொல் வேணும், எதுக்கு வேண்டாம்னு பிள்ளைகளையே பிரிக்க வைக்கலாம்.

‘காலம்’ மட்டும் கொஞ்சம் நழுவும். ‘த டே ஐ கேம்’ சரி, ‘ஒன்’ வேண்டாம். ‘டே, டைம், இயர்’ மாதிரி சொற்களுக்கு இங்கிலீஷும் நம்மைப் போல விட்டுரும். ‘த ப்ளேஸ் வீ ஸ்டேட்’, ‘த வே ஹி டோக்ஸ்’ இதுகளும் ஓடும். ‘ப்ளேஸ்’ங்கிற பொதுச்சொல்லுக்கு உள்ள சலுகை ‘ரூம்’, ‘ஹவுஸ்’, ‘ஹோட்டல்’ வந்தா இல்ல. மழை, உங்க வேலைக்கு இது முக்கியம். ‘த ப்ளேஸ் யூ ஸ்டேட்’ சொல்லலாம். ‘த ரூம் யூ ஸ்டேட்’ சொல்ல முடியாது.

எல்ல ஹோம்ஸ்டே:
சொல்லை விட்டா என்னா ஆகும்னு நம்ம இடத்துல நேர்ல பார்த்தேன். பின்பக்க வராந்தாவுல உக்காந்திருந்த வயசான அம்மா ஒருத்தங்க ‘ஐ ஹேவ் நத்திங் டு ரைட் வித்’னு சொன்னாங்க. நம்ம வேலைக்காரத் தம்பி ‘ரைட்’டை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஓடிப்போய் நல்ல வெள்ளைத் தாளா ஒரு கட்டு எடுத்து வந்து வச்சான். அவங்க மடியில ஏற்கெனவே கொப்பி இருக்கு. சிரிச்சுக்கிட்டே காத்துல விரலால எழுதிக் காட்டினாங்க. வேண்டியது பேனை!

‘வித்’னா பேனை. ‘ரைட் ஒன்’னு முடிஞ்சிருந்தா தாள். ‘ரைட் அபௌட்’னு முடிஞ்சிருந்தா எழுத விசயமே இல்லைன்னு அர்த்தம், நம்ம ஒண்ணும் எடுத்துக் குடுக்க ஏலாது. தமிழ்ல மூணுக்கும் ‘எழுத ஒண்ணும் இல்ல’ன்னு சொல்லிட்டுப் போயிருவோம். கடைசிச் சொல்லைத்தான் காது குடுத்துக் கேக்கணும்னு தம்பிக்கு இப்ப சொல்லி வச்சிருக்கேன்.

பண்டாரவளை பஸ்:
‘ஐ ஹேவ் நத்திங் வித் விச் டு ரைட்’னு அந்தம்மா சொல்லியிருந்தா தம்பி முதல்லயே பேனை எடுத்திருப்பானோ?

எல்ல ஹோம்ஸ்டே:
இல்ல. மயங்கி விழுந்திருப்பான்.

பழைய கிளாக்கர்:
நல்ல கதை. இருந்தாலும் பேச்சுக்கும் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டீச்சர், ‘த மேட்டர் ஐ ஸ்போக் டு யூ அபௌட்’ என்று தலைமை ஆபிசுக்கு எழுதச் சொல்வீர்களா?

பத்தனை டீச்சர்:
எழுதச் சொல்வேன் ஐயா. இந்தக் காலத்து ஈமெயில்ல அது யாருக்கும் உறுத்தாது. ‘த மேட்டர் அபௌட் விச் ஐ ஸ்போக் டு யூ’ன்னு எழுதினாலும் பிழை இல்ல. ஆனா எல்லா இடத்துலயும் உங்க துரையோட அம்பு வேலை செய்யாது. ‘த சைல்ட் ஷி லுக்ஸ் ஆஃப்டர்’ல ‘ஆஃப்டர்’ஐ முன்னால கொண்டு வந்து பாருங்க, ‘த சைல்ட் ஆஃப்டர் ஹூம் ஷி லுக்ஸ்’. பிள்ளைக்குப் பின்னால நின்னு எட்டிப் பார்க்கிற மாதிரி இல்லையா? ‘த ரூம் தட் யூ ஸ்டேட் இன்’னை ‘இன் தட் யூ ஸ்டேட்’னு மாத்தவே ஏலாது. ‘தட்’ வந்தா அம்பு இழுக்கணும்னா முதல்ல அதை ‘விச்’ ஆக்கணும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ‘த எக்ஸ்டென்ட் டு விச்’ போல சிலதுல பின்னால தள்ளினா கேக்க நல்லா இருக்காது. அங்க கிளாக்கர் ஐயா பக்கம் நானும் வந்திர்றேன்.

எல்ல ஹோம்ஸ்டே:
ஹவுஸ்கீப்பிங்ல தினமும் எழுதுற ஒண்ணையும் சேர்த்துக்குங்க: ‘த பெட் ஹேஸ் நொட் பீன் ஸ்லெப்ட் இன்.’ கட்டில்ல யாரும் படுக்கல்ல, விருந்தாளி ராத்திரி ரூமுக்கு வரல்லைன்னு அர்த்தம். இந்த ‘இன்’னை எங்க கொண்டு போய் வைப்பீங்க? எங்கயும் வைக்க ஏலாது.

பழைய கிளாக்கர்:
அதற்கு எங்கள் துரையிடமும் அம்பு இருந்திருக்காது. ஒப்புக்கொள்கிறேன். ‘அபௌட் விச்’ மட்டும் என்னோடு இருக்கட்டும்.

மஸ்கெலியா மழை:
இவ்வளவு வரும்னு நினைக்கல்ல. 🙏 பரீட்சைக்கு என்னா செய்றது? திருத்துறவங்க எந்தப் பக்கம்னு தெரியாதே.

பத்தனை டீச்சர்:
கடிதம் எழுதச் சொன்னா ‘விச்’, ‘ஹூம்’ வர்ற இடத்துல முன்னால வைங்க. பழைய ஆள் திருத்தினாலும் புது ஆள் திருத்தினாலும் கை வைக்க மாட்டாங்க. அப்பிடி வச்சு வாக்கியம் நொண்டினா வாக்கியத்தையே மாத்துங்க. ‘த கெஸ்ட் ஷி லுக்ட் ஆஃப்டர்’னு எழுதப் பயமா இருந்தா ‘த கெஸ்ட் இன் ஹர் கெயார்’னு எழுதிட்டுப் போகலாம். விருந்தாளியோட பேசுற மாதிரி எழுதச் சொன்னா பயமே வேண்டாம், ‘ஹூ டிட் யூ ஸ்பீக் டு’தான். அங்க ‘டு ஹூம்’ போட்டா பொலிஸ்காரர் விசாரிக்கிற மாதிரி இருக்கும்.

வகுப்புல சாரோட சண்டை போடாதீங்க. ‘த ரூம் யூ ஸ்டேட்’டை மட்டும் மெதுவாக் காட்டி, ‘இன்’ எங்க சார்னு கேளுங்க.

லிந்துலை வாத்தியார்:
மரியாதையாகக் கேளுங்கள் மகள். அவரும் யாரோ ஒருவரிடம் படித்ததைத்தான் சொல்கிறார்.

பதுளை ஏ.எல்.:
நடுவுல வாறதுக்கு மன்னிக்கணும். ஜெனரல் இங்கிலீஷுக்கு ரெண்டு சந்தேகம் டீச்சர். ‘டிஸ்கஸ் அபௌட்’ சரியா? ‘டிஃபரன்ட்’டுக்குப் பின்னால ‘ஃப்ரம்’, ‘டு’, ‘தேன்’ மூணுல எது?

பத்தனை டீச்சர்:
‘டிஸ்கஸ்’ஸுக்கு ‘அபௌட்’ வேண்டாம். ‘வீ டிஸ்கஸ்ட் த சாலரி.’ மேல நான் சொன்ன முறையிலயே பாருங்க: முழு வாக்கியத்துல சொல் இல்ல, அதனால ‘த மேட்டர் வீ டிஸ்கஸ்ட்’லயும் கடைசியில ஒண்ணும் வராது. ‘டோக்’ போட்டா மட்டும் ‘அபௌட்’ வேணும், ‘த மேட்டர் வீ டோக்ட் அபௌட்’. ‘டிஃபரன்ட்’டுக்கு ‘ஃப்ரம்’ எழுதுங்க, எந்த நாட்டுலயும் பிழை சொல்ல மாட்டாங்க. ‘டு’ பிரிட்டிஷ்காரங்க பேச்சுல வரும், ‘தேன்’ கூடுதலா அமெரிக்கா பக்கம்.

பண்டாரவளை பஸ்:
டீச்சர், என்னோடதும் ஒண்ணு. கல்யாண விசயம். ‘மேரிட் வித்’ன்னுதானே நம்ம ஆளுங்க எல்லாரும் சொல்றாங்க?

பத்தனை டீச்சர்:
சொல்றாங்க, ஆனா ‘மேரிட் டு’தான். ‘வித்’ போட்டா அதுக்குப் பின்னால பிள்ளைகளைத்தான் எதிர்பார்ப்பாங்க: ‘மேரிட் வித் டூ சில்ட்ரன்.’

பண்டாரவளை பஸ்:
அப்ப ‘ஹூ இஸ் ஷி மேரிட் டு’ன்னு கேக்கலாமா?

பத்தனை டீச்சர்:
தாராளமா. யாரைப் பத்திக் கேக்கிறீங்கன்னு மட்டும் இங்க எழுதிறாதீங்க.